ஷர்மிளா வீட்டு ஈயச்சொம்பு

ஷர்மிளாவுக்கு மனிதர்கள் மேல் மரியாதை வருவது அவ்வளவு சுலபமில்லை. குரோம்பேட்டையில் ஒரு தனியார் பள்ளியின் அலுவலகத்தில் இருபது வருஷமாக உட்கார்ந்திருப்பவள். பிள்ளையைப் பற்றிப் பெருமையடிக்க வரும் பெற்றோர், பிறந்த தேதியை மாற்றிக் கொடுக்கச் சொல்லிக் கெஞ்ச வரும் பெற்றோர், இரண்டு கூட்டத்தையும் ஒரே சிரிப்பால் சமாளிக்கும் தாளாளர் என்று எல்லோரையும் ஒரு கண்ணாடித் தடுப்புக்குப் பின்னாலிருந்து பார்த்துப் பார்த்து, எவர் வாயைத் திறந்தாலும் முதல் வாக்கியத்திலேயே ஆளை எடைபோட்டு ஓரமாக வைத்துவிடும் பழக்கம் வந்துவிட்டது. எடை பெரும்பாலும் குறைவாகத்தான் வரும். அப்படி ஓரமாக வைக்கப்பட்டவர்களில் முதல் ஆள் அவளுடைய புருஷன் தனசேகர்.

தனசேகர் குடிப்பதில்லை, அடிப்பதில்லை, கடன் வாங்கிச் சூதாடுவதில்லை. அப்படி ஏதாவது செய்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம். கீழ்க்கட்டளை ஏரிப் பாசனத்தில் நெல் போட்டுக்கொண்டிருந்த குடும்பம் அது. அவன் அப்பா காலத்தில் நிலமெல்லாம் மனையாகி, மனையெல்லாம் விற்று, கடைசியில் மிஞ்சியது மூன்று மாடி வீடும் அதில் குடியிருப்பவர்கள் தரும் வாடகையும். ஆகவே தனசேகருக்கு வேலைக்குப் போக வேண்டிய அவசியம் ஏற்பட்டதே இல்லை. காலையில் எழுந்து தண்ணீர் மோட்டாரைப் போடுவான், யார் வண்டி வாசலை மறித்து நிற்கிறது என்று பார்ப்பான், பிறகு நாள் முழுக்கக் கைப்பேசியைப் பார்ப்பான். ஒரே மகள் பெங்களூரில் வேலைக்குப் போய்விட்ட பிறகு வீட்டில் இவர்கள் இருவர்தான்.

அவன் பெரியப்பா மகன் துளசிங்கம் நாற்பத்தொன்பது வயதில் வயிற்றுப் புற்றுநோயில் போய்ச் சேர்ந்தான். சிகரெட்டைத் தொடாதவன், காலையில் ஏரிக்கரையில் நடப்பவன். காரியம் முடிந்து வீட்டுக்கு வந்த தனசேகர் குளித்துவிட்டு, தலையைக்கூடத் துவட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான்: "அவன் இன்னா தப்பு பண்ணான் ஷர்மி? எதுனா ஒண்ணு பண்ணிருப்பான்ல?"

அன்றைக்கு ஷர்மிளாவுக்கு அவன் மேல் உண்மையாகவே இரக்கம் வந்தது. பயந்த மனிதனின் முகம் அது. ஆனால் அந்தப் பயம் போன வழியைப் பார்த்தபோது இரக்கம் ஒரு மாதத்துக்குமேல் தாங்கவில்லை.

துளசிங்கம் செய்த தப்பைத் தனசேகர் கைப்பேசியில் கண்டுபிடித்தான். எல்லாம் நச்சு. பிளாஸ்டிக் டப்பா நச்சு, நான்ஸ்டிக் தவா நச்சு, சோப்பு நச்சு, பற்பசை நச்சு, பாக்கெட் உப்பு நச்சு. காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு தோப்பில் ஞாயிற்றுக்கிழமைகளில் நஞ்சில்லா வாழ்வு முகாம் நடத்தும் ராஜகோபால் என்பவரைப் பிடித்துக்கொண்டான். கதர் ஜிப்பாவும் வெள்ளைத் தாடியுமாக இருக்கும் ராஜகோபால், முன்னொரு காலத்தில் காப்பீட்டு முகவராக இருந்தவர். ஆட்களைப் பயமுறுத்திப் பணம் வாங்கும் தொழிலை விட்டுவிட்டு ஆட்களைப் பயமுறுத்திப் பணம் வாங்கும் தொழிலுக்கு வந்தவர் என்று ஷர்மிளா சொல்வாள்.

நச்சு என்றால் என்ன என்பது அவளுக்கு எவரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவள் பிறந்தது பல்லாவரத்தில். அப்பா கங்காதரன் தோல் கம்பெனியில், தோலைப் பதனிடும் ரசாயன ஊறல் தொட்டியில் வேலை பார்த்தவர். விரல் இடுக்கெல்லாம் ஆறாத குழிப்புண். நாற்பது வயதுக்குள் மூக்கின் உள்சுவர் அரித்து, மல்லிகைப்பூவைக் கொண்டுபோய் முகத்தில் வைத்தாலும் வாசனை தெரியாது. குடியிருந்த தெருவின் கிணற்றில் தண்ணீர் மஞ்சளாக இருக்கும். அதில்தான் துணி துவைத்தார்கள். அந்த மனிதர் ஒருநாளும் நச்சு என்ற சொல்லைச் சொன்னதில்லை. கையில் தேங்காயெண்ணெய் தடவிக்கொண்டு மறுநாளும் போனார். அப்படிப்பட்டவரின் மகளிடம் வந்து, மின்விசிறிக்குக் கீழே கால்மேல் கால் போட்டுக்கொண்டு, "நாம தெனம் எவ்ளோ நச்சு உள்ள தள்றோம் தெரியுமா?" என்று ஒருவன் கேட்டால் அவளுக்கு எப்படி இருக்கும்?

முதலில் டப்பாக்கள் போயின. அவள் சேர்த்துச் சேர்த்து வாங்கிய, மூடி இறுக மூடும் டப்பாக்களை அவள் பள்ளிக்குப் போயிருந்த நேரத்தில் மூட்டைகட்டிப் பழைய சாமான்காரனிடம் போட்டுவிட்டான். அடுத்தது தவா. அப்புறம் அவளுடைய முகப்பவுடர். ஓட்டலில் கொதிக்கக் கொதிக்கச் சாம்பாரைப் பிளாஸ்டிக் உறையில் கட்டி வாங்கி வருவது தப்பு என்றான். அது சரிதான், அவளுக்கும் தெரியும். ஆனால் சரியானதைச் சொல்லும்போதும் அவன் குரலில் ஒரு முகாம் தொனி இருந்தது. எதிர் காலிமனையில் தினம் சாயங்காலம் குப்பையைக் கொளுத்துகிறார்கள். டயர், தெர்மோகோல், எல்லாம் சேர்ந்து எரியும். தனசேகர் எழுந்துபோய் ஒரு வார்த்தை கேட்டதில்லை. ஜன்னலைச் சாத்திவிட்டுத் துளசித் தண்ணீர் குடிப்பான். தெருவில் போய்ப் பேசினால் பதில் பேச நாலு பேர் இருப்பார்கள். சமையலறையில் எதிர்த்துப் பேச ஷர்மிளா ஒருத்திதான். அதனால் அவனுடைய போர் சமையலறையிலேயே நடந்தது.

பிறகு சமையலையே அவன் எடுத்துக்கொண்டான். அவள் மறுப்புச் சொல்லவில்லை. மதியம் பள்ளிக்கூடத்துக் கேன்டீனில் லெமன் சாதமும் வடையும் சாப்பிட்டாள். சாயங்காலம் இறங்கும் பஸ் நிறுத்தத்தில் வேண்டுமென்றே இரண்டு பஜ்ஜி வாங்கி, செய்தித்தாளில் எண்ணெயைப் பிழிந்து, நின்றபடியே தின்றுவிட்டு வீட்டுக்கு வருவாள். பசிக்காக இல்லை, வீம்புக்காக.

ஈயச்சொம்பு வந்தது அப்போதுதான். எவர்சில்வரில் ரசம் வைக்கக் கூடாது, ஈயச்சொம்பில் வைக்கும் ரசம் உடம்பிலுள்ள நச்சை எல்லாம் இழுத்துக்கொண்டு போகும் என்று ராஜகோபால் முகாமில் சொல்லியிருந்தார். அங்கேயே விற்கவும் செய்தார். அவர் சொன்ன விலை தனசேகருக்கு ஒத்துவரவில்லை. நஞ்சில்லாமல் வாழ்வதும் வேண்டும், அது மலிவாகவும் வேண்டும். வெள்ளிக்கிழமை பல்லாவரம் சந்தைக்குப் போய், பழைய கடிகாரத்துக்கும் உடைந்த தையல் மிஷினுக்கும் நடுவில் பாத்திரம் விரித்து வைத்திருந்த ஒருவனிடம் பேரம் பேசி வாங்கி வந்தான்.

"பழைய சரக்கு ஷர்மி. மைலாப்பூர்ல ஒரு வூட்ட காலி பண்ணாங்களாம், அங்க எடுத்தது. அவரு விக்கிறத வுட இது ரெண்டு பங்கு கனம் கீது. தூக்கிப் பாரேன்."

அவள் தூக்கிப் பார்க்கவில்லை. "நச்ச எடுக்கிற சொம்பா? உங்க மூளையையும் கொஞ்சம் எடுத்து வெளிய போடச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுத் துணி மடிக்கப் போய்விட்டாள்.

அன்றிலிருந்து தினமும் அந்தச் சொம்பில் ரசம். புளியைக் கெட்டியாகக் கரைத்து, தக்காளி பிழிந்து, ஒரு மணி நேரம் மெல்லிய தீயில் விட்டு, மறுநாள் வரைக்கும் அதிலேயே ஊறவிடுவான். காலையில் ஒரு டம்ளர், மதியம் சாதத்துக்கு, ராத்திரி படுக்கும் முன் ஒரு டம்ளர். "குடிச்சுப் பாரு ஷர்மி. புளிப்பு போயி கடைசில ஒரு தித்திப்பு வருது பாரு. அதான் ஈயத்தோட மகிம." ஞாயிற்றுக்கிழமைகளில் வேறு சமையல் இல்லாததால் அவளும் இரண்டு கரண்டி ஊற்றிக்கொள்வாள். தித்தித்தது உண்மைதான். அதைச் சொல்லி அவனைச் சந்தோஷப்படுத்த அவளுக்கு மனசில்லை.

இவன் மட்டும் குடித்தால் போதுமா? கீழ் போர்ஷனில் மோகன்ராஜ் என்று விமான நிலையத்தில் சரக்குப் பிரிவில் வேலை செய்யும் பையனும் அவன் மனைவி கோகிலவாணியும் குடியிருந்தார்கள். கோகிலவாணி ஐந்து மாதக் கர்ப்பிணி. "வயித்துப்புள்ளக்காரிக்கு நல்லது" என்று தினமும் ஒரு தூக்கில் ரசத்தை ஊற்றிக்கொண்டு இவனே படியிறங்கிப் போய்க் கொடுத்துவிட்டு வருவான். வாடகைக்கு இருப்பவள் வீட்டுக்காரர் நீட்டுவதை வேண்டாம் என்றா சொல்வாள்? சிரித்துக்கொண்டு வாங்கிக்கொள்வாள்.

சில மாதங்களில் தனசேகருக்கு வயிற்றுவலி ஆரம்பித்தது. தொப்புளைச் சுற்றிப் பிடித்து முறுக்கும் வலி. மலம் சரியாகப் போவதில்லை. முகம் வெளுத்தது. சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிந்து விழுந்தான். மாடிப்படியில் செருப்பு கிடந்ததற்காக ஒரு குடித்தனக்காரரைத் தெருவே கேட்கும்படி கத்தினான். பக்கத்துத் தெரு டாக்டர் வாயு என்று மாத்திரை கொடுத்தார். ராஜகோபால் வேறு மாதிரி சொன்னார். அவர் அனுப்பிய குரல்செய்தியைத் தனசேகர் கூடத்தில் சத்தமாக வைத்துக் கேட்டான்.

"வலி வருதுன்னா சந்தோஷப்படுங்க தனசேகர். அம்பது வருஷ நஞ்சு வெளியேறுது. இப்ப போய் இங்கிலீஷ் மருந்து சாப்பிட்டீங்கன்னா அது திரும்ப உள்ள போயிடும். இன்னும் ரெண்டு வேளை ரசத்த கூட்டுங்க."

கூட்டினான். ஷர்மிளா கதவோரம் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டவனைப் பார்த்து, "நல்லா வேணும்" என்றாள். அவன் ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்றான். இரண்டு தரம் கூப்பிட்டாள், மூன்றாம் தரம் கூப்பிடவில்லை. முட்டாள்தனத்துக்கு அது தருகிற தண்டனை கிடைக்கட்டும் என்று இருந்துவிட்டாள். அந்தச் சொம்பு தினம் அவள் கண்முன்னால்தான் அடுப்பில் இருந்தது. அவன் சொல்வதெல்லாம் உளறல் என்று முடிவு செய்துவிட்ட பிறகு, அவன் செய்வதை நின்று பார்க்க அவளுக்குத் தோன்றவே இல்லை.

ஒரு காலை அவள் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். தனசேகர் கண்ணாடி முன்னால் சட்டைப் பொத்தானைப் போட முயன்றுகொண்டிருந்தான். நெடுநேரமாக அதையே செய்துகொண்டிருந்தான். அவள் திரும்பிப் பார்த்தபோது அவன் வலது கை மணிக்கட்டிலிருந்து மடங்கி, துணிக்கொடியில் மாட்டிய கையுறை மாதிரி தொங்கியது.

"ஷர்மி, கைய தூக்க முடியல" என்றான். குரலில் முகாம் இல்லை. துளசிங்கத்தின் காரியத்தன்று கேட்ட அதே குரல்.

ஆட்டோவில் ஏற்றித் தாம்பரத்துக்குக் கொண்டுபோனாள். அங்கே ஒரு மருத்துவமனையில் நரம்பு டாக்டர் ஷீலா அவனைப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும், அதிகம் பேசாத பெண். கையை மடக்கி நீட்டிப் பார்த்தார், வயிற்றை அமுக்கினார், பிறகு உதட்டை விலக்கி ஈறைப் பார்த்தார். பல்லின் ஓரமாக ஈறில் நீலக்கறுப்பாக ஒரு கோடு ஓடியது. ஷர்மிளா அதை அப்போதுதான் பார்க்கிறாள்.

"பேட்டரி வேல, பெயின்ட் வேல ஏதாவது செய்றாரா?"

"இவரு எந்த வேலையும் செய்றதில்ல டாக்டர்."

"நாட்டு மருந்து, பஸ்பம், லேகியம்?"

"இல்ல. ரசம்தான். ஈயச்சொம்புல வெக்கிற ரசம். தெனமும் மூணு வேள, நாலு வேள."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். "ரத்தத்துல காரீயம், லெட், எவ்ளோ இருக்குன்னு பார்க்கணும். ஈயச்சொம்புன்னா வெள்ளீயத்துல செய்யணும். அது பரவாயில்ல. காரீயம் கலந்துட்டா புளிப்பு அத கரைச்சு எடுத்துடும். குடிச்சா இனிக்கும்."

அது சந்தையில் வாங்கிய பழைய சொம்பு என்று ஷர்மிளா சொன்னாள்.

"அந்தப் பாத்திரத்துல வேற யார் சாப்பிட்டாங்க?"

"ஞாயித்துக்கிழமைல நான் கொஞ்சம்…" என்று ஆரம்பித்தவளுக்கு அடுத்த நொடி கீழ் போர்ஷனின் கதவும் தூக்கை வாங்க நீளும் வளையல் கையும் நினைவுக்கு வந்தன. உட்கார்ந்திருந்த நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தாள். "கீழ ஒரு கர்ப்பிணி இருக்கா டாக்டர்."

தனசேகரைப் படுக்கையில் சேர்த்துவிட்டுக் கீழ்க்கட்டளைக்குத் திரும்பும் ஆட்டோவில் அவள் பட்ட பாட்டை அவளால் பிற்பாடு யாரிடமும் சொல்ல முடிந்ததில்லை. தன் புருஷன் ஒரு பிள்ளையை வயிற்றிலேயே கெடுத்துவிட்டான். அதைத் தடுக்கும் இடத்தில் இருந்த ஒரே ஆள், நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். போக்குவரத்து நெரிசலில் ஆட்டோ நின்றபோதெல்லாம் இறங்கி ஓடிவிடலாமா என்றிருந்தது.

கோகிலவாணி கதவைத் திறந்தாள். விஷயத்தை ஷர்மிளா மூச்சு வாங்கச் சொல்லி முடித்ததும் அவள் முகத்தில் வந்தது பயம் இல்லை, வெட்கம்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நான் அத குடிச்சதே இல்ல."

"ஒரு தரம்கூடவா?"

"மொத நாள் ஒரு வாய் வெச்சேன். இனிச்சுது. இனிக்கிற ரசத்த யாருக்கா குடிப்பா? உப்பும் இல்ல. அண்ணா மேல ஏறிப் போனதும் சிங்க்ல ஊத்திருவேன். அவரு மனசு கஷ்டப்படுமேன்னு மறுநாள் நல்லா இருந்துச்சுண்ணான்னு சொல்லுவேன்."

ஷர்மிளா வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இத்தனை மாதமும் தனசேகர் மேலே வந்து, "கீழ அந்தப் பொண்ணு எவ்ளோ ருசிச்சு குடிக்குது, உனக்குத்தான் ஒண்ணும் தெரியல" என்று அவளுக்குச் சொல்லிக் காட்டியிருக்கிறான். இருந்தாலும் மறுநாள் கோகிலவாணியைக் கூட்டிப்போய் ரத்தம் எடுக்கச் செய்தாள். அவளுக்குப் பயப்பட ஒன்றும் இல்லை. கூடவே எடுத்துப் பார்த்ததில் ஷர்மிளாவின் ரத்தத்தில் காரீயம் இருக்க வேண்டியதைவிடக் கூடுதலாக இருந்தது. தனசேகருக்கு வந்த எண்ணைப் பார்த்த பரிசோதனைக்கூடத்துப் பெண், தவறு நேர்ந்திருக்குமோ என்று சந்தேகப்பட்டு இன்னொரு முறை ரத்தம் எடுத்தாள். எண் மாறவில்லை.

சொம்பை ஒரு பையில் போட்டுக்கொண்டு தாம்பரத்தில் ஒரு நகைக்கடைக்குப் போனாள். தங்கத்தின் மாற்று பார்க்கும் மெஷினில் வைத்துப் பார்க்கச் சொன்னாள். கடைக்காரர் முதலில் முறைத்தார். காரணத்தைச் சொன்னதும் வைத்தார். பாதிக்குமேல் காரீயம் என்று வந்தது. "கனமா இருந்திருக்குமே மேடம்" என்றார் அவர். "ஆமா. அதப் பாத்துத்தான் வாங்கினாரு" என்றாள் ஷர்மிளா.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் காட்டாங்குளத்தூர்த் தோப்புக்குப் போனாள். தகரக் கூரைக்குக் கீழே ஐம்பது அறுபது பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். பெரும்பாலும் ஓய்வுபெற்றவர்கள், நல்ல ஓய்வூதியமும் நல்ல முழங்கால் வலியும் உள்ளவர்கள். ராஜகோபால் மேடையில் உட்கார்ந்து, குக்கரில் வேகும் அரிசி எப்படித் துடித்துச் சாகிறது என்று விளக்கிக்கொண்டிருந்தார். ஷர்மிளா நேராக முன்னால் போய்ச் சொம்பை அவர் எதிரில் வைத்தாள்.

"என் வீட்டுக்காரர் தனசேகர் ஆஸ்பத்திரில இருக்கார். இதுல காரீயம். நகைக்கடை மெஷின்ல வெச்சுப் பாத்தாச்சு."

ராஜகோபால் சொம்பைத் தொடாமலே பார்த்தார். பழைய முகவருக்கு, தவணை கட்டாமல் இழப்பீடு கேட்டு வந்தவர்களைச் சமாளித்த அனுபவம் இருந்தது. "அம்மா, இது நம்ம சொம்பு இல்லையே. வெளிய வாங்கினா அதுக்கு நான் எப்படிப் பொறுப்பாவேன்? நம்மகிட்ட இருக்கிறது சுத்தமான வெள்ளீயம்."

"வலி வந்தப்ப மருந்து சாப்பிடாதேன்னு யார் சொன்னது?"

"நான் யாரையும் டாக்டர்கிட்ட போகாதேன்னு சொல்றதே இல்லம்மா."

ஷர்மிளா தனசேகரின் கைப்பேசியை எடுத்துக் குரல்செய்தியை ஒலிக்கவிட்டாள். அம்பது வருஷ நஞ்சு வெளியேறுவதும், இங்கிலீஷ் மருந்து அதைத் திருப்பி உள்ளே அனுப்புவதும், ரசத்தைக் கூட்டுவதும் தகரக் கூரைக்குக் கீழே தெளிவாகக் கேட்டன. கேட்டு முடித்த கூட்டத்தில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. முதல் வரிசையில் இருந்த சிட்டிபாபு என்ற ஓய்வுபெற்ற பொறியாளர்தான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு கேட்டார்.

"அப்ப நம்ம சொம்ப தைரியமா வாங்கலாம், இல்லீங்களா சார்?"

அந்தக் கேள்வியில் கூட்டம் மொத்தமும் பெருமூச்சு விட்டு இளகியது. ஷர்மிளா அவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். பட்டம் வாங்கிய தலைகள், பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பிய தலைகள். காறித் துப்பக்கூட மனம் வரவில்லை. துப்பினால் அதிலும் ஏதாவது மருத்துவ குணம் இருக்கிறது என்று இந்த ஆள் சொல்வான், இவர்கள் நம்புவார்கள். அங்கேயே பணம் கொடுத்து அவருடைய சொம்பு ஒன்றை வாங்கிக்கொண்டு கிளம்பினாள். இதையும் மெஷினில் வைத்துக் காட்டி, போலீசில் எழுதிக் கொடுத்துவிடுவது என்று தீர்மானம்.

வெளியே செருப்பு மாட்டும்போது பின்னால் ஒரு பெண் வந்தாள். அம்மணி என்று பெயர் சொன்னாள், ஊரப்பாக்கம். பைக்குள்ளிருந்து ராஜகோபால் கொடுத்த சூரணப் பொட்டலத்தை எடுத்து, "இதயும் அங்க பாப்பாங்களாம்மா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டாள். நகைக்கடையில் பொடியைப் பார்க்க மாட்டார்கள், ரத்தப் பரிசோதனைதான் நல்லது என்று டாக்டர் ஷீலாவின் பெயரைச் சொல்லி அனுப்பினாள் ஷர்மிளா. அறுபது பேரில் ஒருத்தி.

ராஜகோபாலின் சொம்பு சுத்தமான வெள்ளீயமாக இருந்தது. நகைக்கடைக்காரர் இரண்டு இடத்தில் வைத்துக் காட்டினார். ஷர்மிளாவுக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல. போயும் போயும் இந்த ஒரு விஷயத்தில் அந்த ஆள் யோக்கியன். விலை கேட்டுப் பின்வாங்கி, கனம் பார்த்துச் சந்தையில் வாங்கியது தன் புருஷன். போலீசுக்கு எழுத அவளிடம் மிஞ்சியது ஒரு குரல்செய்தி மட்டும். அதை எழுதிக் கொடுத்தாள். விசாரிக்கிறோம் என்றார்கள். ராஜகோபாலின் முகாம் இன்னமும் நடக்கிறது. குரல்செய்தி அனுப்புவதை மட்டும் நிறுத்திவிட்டார்.

காரீயத்தைக் கட்டி வெளியேற்றும் மருந்து தனசேகருக்குப் பல சுற்று கொடுத்தார்கள். கை மெல்ல மெல்ல நிமிர்ந்தது, முழுக்க நிமிரவில்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் ஷீலா சொன்னவை எல்லாம் உப்புச்சப்பில்லாத விஷயங்கள். வெறும் வயிற்றோடு இருக்கக் கூடாது. முருங்கைக்கீரை, கேழ்வரகு, முட்டை, நெத்திலி சாப்பிட வேண்டும்; கூடவே நெல்லிக்காயோ எலுமிச்சையோ. இரும்புச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் உடம்பில் குறைவாக இருந்தால் காரீயம் அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். என்ன உலோகம் என்று தெரியாத பாத்திரத்தில் புளி வைக்கக் கூடாது. பழைய பெயின்ட்டிலும் காரீயம் இருக்கும் என்பதால், அது உரிந்த ஜன்னல் ஓரங்களைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும். சாப்பிடும் முன் கை கழுவ வேண்டும்.

"அவ்ளோதானா டாக்டர்?" என்றான் தனசேகர், ஏமாற்றத்தோடு. விரதம் இல்லை, மந்திரம் இல்லை, வாங்கிப் பெருமையடிக்க ஒரு சாமான்கூட இல்லை.

"அவ்ளோதான்" என்றார் டாக்டர்.

வீட்டில் இப்போது எவர்சில்வர் பாத்திரத்தில் ஷர்மிளாதான் ரசம் வைக்கிறாள். தனசேகர் இடது கையால் தரை துடைக்கிறான். அவன் திருந்திவிட்டான் என்று சொல்ல முடியாது. இப்போது குடித்தனக்காரர்களைப் படியில் மறித்துக் காரீயத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிறான். கைப்பேசியில் புதிதாக வேறு யாரோ ஒருவரைக் கேட்கிறான். ஆனால் ஒரு நாள் சாயங்காலம் எதிர் மனையில் புகை கிளம்பியபோது, ஜன்னலைச் சாத்தப் போனவன் நின்று, சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனான். என்ன பேசினான் என்று தெரியாது. திட்டு வாங்கிக்கொண்டு திரும்பி வந்தான். மறுநாளும் போனான். அன்றைக்கு ஷர்மிளா நெத்திலியை அவனுக்குப் பிடித்த மாதிரி மொறுமொறுவென்று வறுத்தாள். கோகிலவாணிக்கு ஆவணியில் பெண் குழந்தை பிறந்தது, நல்ல எடையோடு.

அடுத்த வருஷம் கோடை விடுமுறை முடியும் தறுவாயில் பள்ளியில் மழலையர் வகுப்பு பெஞ்சுகளுக்கும் சறுக்குமரத்துக்கும் வண்ணம் அடிக்க ஆள் வந்தான். பழைய பெயின்ட்டைக் காய்ந்தபடியே தேய்த்துக்கொண்டிருந்தான். மஞ்சள் தூள் முற்றம் முழுக்கப் பறந்தது. ஷர்மிளா கண்ணாடித் தடுப்பை விட்டு வெளியே வந்தாள். தேய்ப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டு, புதிய டப்பாக்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். காரீயம் சேர்க்காதது என்று எதிலும் எழுதியிருக்கவில்லை. கம்பெனி பெயரையே அவள் கேள்விப்பட்டதில்லை. பில்லைக் கையெழுத்துக்கு அனுப்பாமல் மேசையில் வைத்துக்கொண்டாள்.

தாளாளரே வந்துவிட்டார். "என்ன மேடம், பெயின்ட்டுல என்ன பிரச்சனை?"

"காரீயம் இல்லாததா வாங்கணும் சார். பழசையும் தண்ணி ஊத்தித்தான் தேய்க்கணும். பசங்க கைய வாயில வெக்கிற வயசு."

தாளாளர் அவளை மேலும் கீழும் பார்த்தார். அந்தப் பார்வை ஷர்மிளாவுக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. முதல் வாக்கியத்திலேயே ஆளை எடைபோட்டு ஓரமாக வைத்துவிடும் பார்வை. இருபது வருஷமாக அவள் மற்றவர்களுக்குக் கொடுத்து வந்தது.

"உங்க வீட்டுக்காரருக்கு அப்படி ஆனதுலேர்ந்து நீங்களும் ஒரு மாதிரி ஆயிட்டீங்க மேடம்" என்று சிரித்தார். பின்னால் நின்ற கணக்காளரும் சிரித்தார்.

"ஆமா சார், ஆயிட்டேன்" என்றாள் ஷர்மிளா. "இந்த டப்பாவ திருப்பி அனுப்பிடட்டுமா, இல்ல பெற்றோர் கூட்டத்துல கேட்டுட்டு முடிவு பண்ணலாமா?"

அவர் சிரிப்பை நிறுத்தினார். பெற்றோர் கூட்டம் என்றால் அவருக்கு ஆகாது. டப்பாக்கள் அன்று மாலையே திரும்பிப் போயின. அடுத்த வாரம் வேறு பெயின்ட் வந்தது, விலை கூடுதல். பெயின்ட் அடிப்பவன் ஒரு வாளித் தண்ணீரை வைத்துக்கொண்டு முணுமுணுத்தபடி தேய்த்தான். மதியச் சாப்பாட்டு வேளையில் ஆசிரியைகள் அறையில் அவளைப் பற்றி யாரோ ஏதோ சொல்லிச் சிரிப்பது ஜன்னல் வழியாகக் கேட்டது. ஷர்மிளா குழாயைத் திறந்து, விரல் இடுக்குகளில் நுரை வரும்வரை சோப்புப் போட்டுக் கை கழுவினாள். பிறகு டிபன் பாக்ஸைத் திறந்து, முருங்கைக்கீரையை முகம் சுளித்துக்கொண்டே சாப்பிடத் தொடங்கினாள். முருங்கைக்கீரை அவளுக்கு எப்போதுமே பிடித்ததில்லை.